கண்டவர், கருதியவர், தொட்டவர்

1954ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தை முன்வைத்தார்கள். மூன்று இழைகள் சேர்ந்த சுருள் அது. டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று உலகுக்குத் தெரிந்த மறு ஆண்டே, அதே நேச்சர் இதழில், கிண்டியிலிருந்து போன கட்டுரை அது. தமிழ்நாட்டின் அறிவியல் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதைப் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். அந்தக் கதையில் ஒரு விவரம் போகிற போக்கில் வந்து போகும். அவர்கள் எக்ஸ் கதிரின் முன்னால் வைத்த நார், கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாண். அதை அவர்களுக்குக் கொடுத்தது சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்.

வேலூர்ப் பக்கத்துக்காரியான எனக்கு அந்த விவரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. கொலாஜன் என்பது எங்கோ ஆய்வகத்தில் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கி, பதனிட்டு, வெட்டித் தைக்கப்படும் தோலின் உடம்பே அதுதான். நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருப்பதும் அதுவே. அந்த நாரை எக்ஸ் கதிரின் முன் வைத்தவர்களை அறிஞர்கள் என்கிறோம். அதே நாரைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தவர்களுக்கு நாம் கொடுத்த பெயர் வேறு.

ஒரு பொருளை அறிந்தவர் என்று யாரைச் சொல்வது? இது அறிவைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். நீதியைப் பற்றிய கேள்வி என்றே நான் நினைக்கிறேன். யாருடைய அறிவு அறிவாக எண்ணப்படுகிறதோ அவர்களுக்குத்தான் பட்டமும் பெயரும் கூலியும் போகின்றன. சுருள்களைக் கண்டுபிடித்த கதை இதை யோசிக்க நல்ல இடம். ஏனென்றால் அந்தக் கதையில் யாருமே எதையும் நேரடியாகப் பார்க்கவில்லை.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. மூலக்கூறுக்குள் அடுத்தடுத்த அணுக்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்று, ஒன்றரை ஆங்ஸ்ட்ராம்தான். அதனால் எவ்வளவு நல்ல நுண்ணோக்கியாலும் சாதாரண ஒளியில் அணுக்களின் அடுக்கைப் பார்க்க முடியாது. எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுக்களின் இடைவெளிக்கு நெருக்கமானது. ஆனால் அதைக் குவித்துப் பிம்பமாக்கும் ஆடி அன்று இல்லை. ஆகவே கதிரை ஒரு படிகத்தின் மீதோ நாரின் மீதோ செலுத்தி, அது சிதறி விழும் இடங்களைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்தார்கள். தகட்டில் கிடைப்பது பொருளின் படம் அல்ல, புள்ளிகளும் கறைகளும்தான். சுருள் வடிவமுள்ள மூலக்கூறு என்றால் அந்தக் கறைகள் பெருக்கல் குறி போலக் குறுக்காக விழும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்பதைத் தகடு வைத்துக்கொள்கிறது. அந்த அலைகள் எந்த நிலையில் வந்து சேர்ந்தன என்பதை அது வைத்துக்கொள்வதில்லை. பாதித் தகவல் பதிவாகும்போதே போய்விடுகிறது. போனதை வேதியியலிலிருந்தும் கணக்கிலிருந்தும், கம்பியும் உருண்டையுமாகக் கட்டிய மாதிரிகளிலிருந்தும் மீட்க வேண்டும்.

நம் மரபில் இதற்குப் பெயர் உண்டு. கருதல். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல, கண்டதைக் கொண்டு காணாததை அறிதல். மணிமேகலைக் காப்பியம் அளவைகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உன் கொள்கை என்ன, எதைக் கொண்டு அறிந்தாய் என்று கேட்கிறாள். தமிழில் அறிவின் அடிப்படையைப் பற்றி இவ்வளவு பொறுமையாகக் கேள்வி கேட்கும் முதல் பாத்திரம் ஒரு பெண். ஆனால் அவள் அங்கே பெண்ணாகப் போகவில்லை. நீ இளம்பெண், உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் முன்பே சொல்லி, வேற்றுரு எடுக்கும் மந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆண் துறவியின் வடிவில் போய்த்தான் அவள் கேட்கிறாள். வகுப்பில் இந்தப் பகுதிக்கு வரும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். அப்புறம் சிரிப்பு அடங்கிவிடும். எது அறிவு என்று விவாதிக்கும் மண்டபத்துக்குள் நுழைய ஓர் உடல் அனுமதிச்சீட்டாக இருந்தது என்பதைக் காப்பியம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

கிண்டிக்குத் திரும்புவோம். 1952இல் சென்னைக்கு வந்த, அயர்லாந்தில் பிறந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால்தான் கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று ராமச்சந்திரனின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர். அப்போது ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை அல்லது அப்போதுதான் நிறைந்திருக்கும். துறைக்குப் புதிய தலைவர். கொலாஜன் நல்ல படிகமாகக் கிடைக்கும் பொருள் அல்ல. நாரை வைத்து எடுத்த தகட்டில் சில கறைகள்தான் விழும். நாரின் நீளத்தில் சுமார் 2.9 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை ஏதோ ஒன்று திரும்ப வருகிறது என்று ஒரு கறை சொன்னது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் என்பது வேதியியலாளர்கள் கண்டு வைத்திருந்த உண்மை. இரண்டையும் சேர்த்துக் கருதியதில் கிடைத்ததுதான் மூவிழைச் சுருள். மூன்று இழைகளும் நெருங்கி நிற்கும் நடுப்பகுதியில் இடமே இல்லை. அங்கே நிற்கக்கூடியது கிளைசின் மட்டும். அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அதுவே வர வேண்டும்.

சென்னையில் அந்த வித்தைப் போட்டுவிட்டுப் போன அதே பெர்னால், 1953இல் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் இருந்த தன் ஆய்வகத்தில் ஒரு பெண்ணுக்கு இடம் கொடுத்தார். அவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். அதற்கு முன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ. நாரை ஆராய்ந்தவர். காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தினால் டி.என்.ஏ. இரண்டு வடிவங்கள் எடுக்கிறது, உலர்ந்தால் ‘ஏ’, நனைந்தால் ‘பி’ என்று பிரித்துக் காட்டியவர். 1952 மே மாதம் அவருடைய வழிகாட்டுதலில் மாணவர் ரேமண்ட் கோஸ்லிங் எடுத்த படம்தான் பின்னால் ‘51ஆம் படம்’ என்று பெயர் பெற்றது. பெருக்கல் குறி அதில் பளிச்சென்று விழுந்திருந்தது. 1953 ஜனவரியில் மாரிஸ் வில்கின்ஸ் அதை ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். ஃபிராங்க்ளினின் அளவுகள் அடங்கிய அறிக்கை ஒன்றும் ஃபிரான்சிஸ் கிரிக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஏப்ரலில் இரட்டைச் சுருள் வெளியானது. 1958இல், 37 வயதில், ஃபிராங்க்ளின் புற்றுநோயால் இறந்தார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது.

இந்தக் கதையைப் பெண்ணியவாதிகளான நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். சொல்லும் விதத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. அவர் நல்ல படம் எடுத்தார், அதன் பொருள் அவருக்குப் புரியவில்லை, புரிந்த ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது அவரை இழிவுபடுத்தியவர்கள் சொன்ன கதை. பாவம், திருடிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னால் நாமும் அந்தக் கதையின் பாதியை ஒப்புக்கொண்டவர்களாகிறோம். 2023இல் மாத்யூ காப், நத்தானியல் கம்ஃபர்ட் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் பழைய ஆவணங்களைத் திரும்ப வாசித்துவிட்டு, அவர் ஏமாந்துபோன கை அல்ல, அந்தக் கண்டுபிடிப்பில் சம பங்காளி என்று எழுதினார்கள். நமக்குத் தேவைப்படும் வேறுபாடு இதுதான். ஃபிராங்க்ளினுக்கு நேர்ந்த அநீதி ஒரு படம் கைமாறியதோடு முடிவதில்லை. அறிந்தவர் ஒருவரை அறிவிப்பவராக மட்டும், பொருளைத் தயார் செய்து கொடுத்தவராக மட்டும் ஆக்கியதில்தான் அது இருக்கிறது.

அவர் அதோடு நின்றுவிடவும் இல்லை. பெர்னாலின் ஆய்வகத்தில் புகையிலை இலையைத் தாக்கும் வைரஸை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஆர்.என்.ஏ. எந்த இடத்தில் இருக்கிறது என்பதை 1956இல் காட்டினார். அதே ஆண்டு அமெரிக்காவில் அலெக்சாண்டர் ரிச், டேவிட் டேவிஸ் இருவரும் இரண்டு வகை ஆர்.என்.ஏ. இழைகளைக் கரைசலில் கலந்தபோது, எந்த நொதியின் உதவியும் இல்லாமல் அவை தாமாக இணைந்து இரட்டைச் சுருளாவதைக் கண்டார்கள். ஆர்.என்.ஏ.வும் இரட்டைச் சுருளாகும் என்பதற்கு அது சான்று. அந்தச் சுருள் எடுக்கும் வடிவம் ஃபிராங்க்ளின் ‘ஏ’ என்று பெயரிட்டு உழைத்த வடிவத்தை ஒத்தது. ஆனால் இவை எல்லாம் நார்ப் படங்களிலிருந்து கருதியவை. இரட்டைச் சுருளை அணு அணுவாகப் பிரித்துக் காட்டும் அளவுக்குத் தெளிவான படிகப் படம் 1973இல்தான் வந்தது. அதைத் தந்தவை ஆர்.என்.ஏ.வின் மிகச் சிறிய துண்டுகள். ரிச்சின் ஆய்வகத்தில் செய்த அந்த வேலையில், இரண்டு கட்டுரைகளில் ஒன்றின் முதல் ஆசிரியர் ராபர்ட்டா டே என்ற பெண். வாட்சனும் கிரிக்கும் சொன்ன இணைப்பு முறை சரிதான் என்று இருபது ஆண்டுக்குப் பின் உறுதியானது அப்படித்தான். அந்த இருபது ஆண்டும் உலகம் அதை ‘கண்டுபிடித்து முடிந்த’ விஷயமாகவே பேசிக்கொண்டிருந்தது. கருதியவரின் பெயர் நின்றது. உறுதி செய்தவர்களின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

லண்டன் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நமக்கு வசதியாகிவிடும். 1940இல் அன்னா மாணி பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளிவிடுவதை ஆராய்ந்தார். ஒரு புகைப்படத் தகட்டில் ஒளி பதிய 15, 20 மணி நேரம் ஆகும். இரவில் ஆய்வகத்திலேயே தூங்கியிருக்கிறார். 1942க்கும் 1945க்கும் இடையில் தனியாகவே ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் தன் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டுகளில், அதே ஆய்வகத்தில், அதே வைரத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்துகொண்டிருந்தவர் இளைஞர் ராமச்சந்திரன். அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டங்கள் கிடைத்தன. பிறகு கேம்பிரிட்ஜ் போனார். சென்னைக்குத் துறைத் தலைவராக வந்தார். அவருடைய தகுதியில் ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. அன்னா மாணியும் சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைக் கற்றுவந்து, இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். ஆனால் அவர் வைரத்தை விட்டுப் போனார். விதிதானே என்று சொல்லலாம். ஐந்து கட்டுரைகள் எழுதிய அறிவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அது அறிவுதான் என்று சொல்ல ஒரு தாளைத் தேடும் விதி எப்படிப்பட்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கருதுவது வேறு, கருதுவதற்கான பொருளைத் தருவது வேறு இல்லையா? கங்காரு வாலை அனுப்பியவர் மூவிழைச் சுருளைக் கண்டுபிடித்தவர் ஆவாரா? தகட்டைக் கழுவியவரும் கணக்குப் போட்டவரும் ஒன்றா? எல்லோரும் சமம் என்றால் கடைசியில் யாருடைய உழைப்பும் தனித்துத் தெரியாதே? என் மாணவி ஒருத்தி இதைக் கேட்டாள். வகுப்பில் நான் கேட்ட கேள்விகளில் இதுவே மிக நல்லது. சமம் என்று நான் சொல்லவில்லை. ராமச்சந்திரன் செய்ததை எல்லோரும் செய்திருக்க முடியாது. அந்தச் சில கறைகளைப் பல பேர் பார்த்திருந்தார்கள். மூன்று இழைகளை அவற்றிலிருந்து எடுத்தவர் அவர்.

ஆனால் அந்தக் கருதலுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1955இல் ராமச்சந்திரனும் கர்த்தாவும் மூவிழைகளையும் கயிறு போல மேலும் ஒரு சுற்று முறுக்கித் தங்கள் மாதிரியைத் திருத்தினார்கள். அதே ஆண்டு ரிச்சும் கிரிக்கும் அதை மறுத்து எழுதினார்கள். முறுக்கு சரி, ஆனால் சில அணுக்கள் ஒன்றோடொன்று இருக்கக் கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு இருக்க முடியாது, ஒன்றுதான் என்றார்கள். ராமச்சந்திரன் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு வரை நெருங்கலாம் என்று அதுவரை வெளிவந்த படிகங்களை எல்லாம் தேடிப் பார்த்தார். அந்தத் தேடலின் விளைவுதான் 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம். இன்றும் எந்தப் புரதத்தின் வடிவம் வெளியானாலும் அதை அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். பிணைப்பு ஒன்றா இரண்டா என்ற வழக்கோ 1994 வரை காத்திருந்தது. அமெரிக்காவில் பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் என்ற இரு பெண்களின் குழு, கொலாஜன் போன்ற சிறு துண்டு ஒன்றைப் படிகமாக்கி, 1.9 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் அதன் அமைப்பை வெளியிட்டது. நேரான பிணைப்பு ஒன்றுதான். சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் வலைபோலப் பின்னி அந்தச் சுருளைத் தாங்கி நின்றன. ஒரே ஒரு கிளைசினுக்குப் பதிலாகச் சற்றே பெரிய அலனினை அவர்கள் வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் சுருள் தளர்ந்திருந்தது. எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் பல குழந்தைகளுக்கு வருவது இப்படி ஒரு கிளைசின் மாறிப்போவதால்தான்.

ஆகவே மறுப்புக்கு என் பதில் இது. அறிவு ஒருவருடைய தலைக்குள் ஒரு நாளில் முடிந்துபோகும் நிகழ்ச்சியாக இருந்தால், முதலில் சொன்னவருக்கே முழுவதும் சொந்தம் என்று விட்டுவிடலாம். அது அப்படி நடப்பதில்லை. நார் கொடுத்தவர், கறையைப் பதித்தவர், கருதியவர், மறுத்தவர், உறுதி செய்தவர் என்று நாற்பது ஆண்டு நீள்கிறது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஏற்றத்தாழ்வு இருக்கட்டும். ஆனால் பங்கு பெற்ற எவரையும் கேட்காமல் எடுக்கக் கூடாது, பெயர் சொல்லாமல் விடக் கூடாது, அவர் அறிந்ததை அறிவில்லை என்று சொல்லக் கூடாது. இந்த மூன்றும் மரியாதை சார்ந்தவை அல்ல. கடன்கள். முதல் இரண்டும் ஃபிராங்க்ளினுக்குத் தரப்படவில்லை. மூன்றாவது அன்னா மாணிக்குத் தரப்படவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மூன்றுமே தரப்படுவதில்லை.

ஆம்பூரைச் சுற்றியுள்ள காலணித் தொழிற்சாலைகளில் தையல் எந்திரங்களின் முன் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலணியின் மேல்பாகமான ‘அப்பர்’ அவர்கள் கையில்தான் உருவாகிறது. சில வகைக் காலணிகளின் அப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, கையாலேயே தைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பாருங்கள். முதுகுப் பகுதித் தோல் கெட்டியாக நிற்கும். வயிற்றுப் பக்கத் தோல் இழுத்தால் நீளும். அதை இழுப்பு விழும் இடத்தில் வைத்தால் காலணி கோணிப்போகும். எந்த விளிம்பை எவ்வளவு சீவினால் மடித்துத் தைக்கும்போது புடைக்காது. இவை அனைத்தும் விரலுக்குத் தெரியும். கொலாஜன் நார்கள் முதுகில் நெருக்கமாகவும் வயிற்றுப் பக்கம் தளர்வாகவும் பின்னியிருப்பதுதான் காரணம் என்று தோல் அறிவியல் சொல்கிறது. அமைப்பைப் பற்றிய அறிவு என்றால் இதுவும் அமைப்பைப் பற்றிய அறிவுதானே. சமையலறையிலும் அது இருக்கிறது. ஆட்டுக்காலை நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் சாறு ஆறியதும் கூழாக உறையும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். வெப்பத்தில் மூவிழைகளும் பிரிந்து ஜெலட்டின் ஆகின்றன என்பது அதன் வேதியியல். பச்சைத் தோலை 60, 65 டிகிரி வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும். குரோமியம் ஏறிய தோல் கொதிநீரிலும் சுருங்காது. குரோமியம் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் அப்படி. டேனரியில் பதம் சரியா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்க்கிறார்கள். ஆய்வகத்துக்கு வெளியே நடக்கும் சோதனை அது.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவால் வகைப்படுத்தும்போது தொடுவதால் அறிவதை முதல் அறிவாக வைக்கிறது. அதன் மேல் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என்று ஏறி, ஆறாவதாக மனம் வருகிறது. இதைப் படிநிலை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: புல்லும் மரமும் கீழே, மனிதர் மேலே. நான் இப்போது வேறு விதமாக வாசிக்கிறேன். ஆறு அறிவுள்ள உயிருக்கு முதல் ஐந்தும் உண்டு. மனம் மற்ற ஐந்தையும் விட்டுவிட்டு வந்தது அல்ல. அவற்றின் மேல் நிற்பது. தொடுதல் அடித்தட்டு என்றால் அடித்தளம் என்ற பொருளில்தான்.

நம் சமூகம் அப்படி வாசிக்கவில்லை. செத்த மாட்டின் தோலைத் தொட்டவர்களைத் தொடக் கூடாதவர்கள் என்றது. தோலை அறிந்த கையே தீட்டுள்ள கையானது. டேனரியில் பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கழிவும் புழங்கும் வேலைகளில் இன்றும் தலித் தொழிலாளர்களே அதிகம். ஒரே நார், கிண்டியில் எக்ஸ் கதிர்க் குழாயின் முன் வைத்தபோது அறிவின் பொருளானது. சேரியில் கல்லின் மேல் விரித்தபோது அசுத்தமானது. நாரின் அமைப்பில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு தொட்டவரின் சாதியிலும் பாலிலும் இருந்தது. ‘தொட்டவர் அறிந்தவர்’ என்பதை ஒப்புக்கொள்ள மறுப்பதில் ஆணாதிக்கமும் சாதியும் கைகோத்து நிற்கின்றன. தொடுவது உடம்பின் வேலை, உடம்பு தாழ்ந்தது, அதனால் அந்த வேலையைச் செய்பவர் தாழ்ந்தவர் என்பதே இரண்டின் தர்க்கமும்.

இந்தத் தர்க்கம் கூலிப் பட்டியலில் வந்து நிற்கிறது. திறன் மிக்க வேலை, அரைத் திறன் வேலை, திறனற்ற வேலை என்று வேலையைப் பிரிக்கிறோம். திறனற்றது என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால், இவருக்கு எதுவும் தெரியாது என்பதே அதன் பொருள். பத்து ஆண்டு தைத்த பெண்ணின் விரலில் உள்ளது அறிவா பழக்கமா என்ற கேள்விக்கு அறிவு என்று பதில் சொன்னால் கூலியை உயர்த்த வேண்டும். பழக்கம் என்று சொல்லிவிட்டால் வேண்டாம். தையல் பெண்களுக்கு இயல்பாக வருவது என்று ஒருவர் சொல்லும்போது, அவர் பாராட்டுகிறாரா, கூலியைக் குறைக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கற்றுக்கொண்டதை இயல்பு என்பது, ஐந்து கட்டுரைகளைத் தகுதியின்மை என்பதன் இன்னொரு வடிவம்.

பெயரும் கூலியும் போகாத இடத்துக்கு ஒன்று மட்டும் தவறாமல் போனது. அது கழிவு. பதனிடும் வேதியியலைக் கற்றோம். அதில் மிஞ்சிய உப்பும் குரோமியமும் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும், தீங்கு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அது பதிவு செய்திருக்கிறது. அன்று சொன்ன கொள்கைகளை இன்று இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டுகிறார்கள். கிணற்று நீர் உப்பாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்புக்கு எத்தனையோ ஆண்டுக்கு முன்பே சொன்னவர்கள் குடம் தூக்கிய பெண்கள். பருப்பு வேகவில்லை, துணியில் சோப்பு நுரைக்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அதுவும் கருதல்தான். கண்டதைக் கொண்டு காணாததை அறிந்தார்கள். ஆய்வக அறிக்கை வரும்வரை அதைப் புலம்பல் என்றே எடுத்துக்கொண்டோம்.

என் வகுப்பில் உட்காரும் பெண்களில் பலருடைய அம்மாக்கள் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். அம்மாவுக்கு என்ன வேலை என்று படிவம் கேட்டால் கூலி என்று எழுதுகிறார்கள். சிலர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். படித்து மேலே வா என்று நாங்கள் அவர்களிடம் சொல்கிறோம். கையிலிருந்து மனத்துக்கு, தொடுதலிலிருந்து கருதலுக்கு ஏறி வா என்பதே அதன் உட்பொருள். அந்தப் பெண்கள் ஆய்வகங்களுக்கும் போக வேண்டும். அன்னா மாணிக்கு மறுக்கப்பட்ட பட்டம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மேலே வா என்னும் சொல், அம்மா நின்ற இடத்தைக் கீழே என்று முடிவு கட்டிவிடுகிறது. மகள் அறிஞராவதற்கான விலை அம்மாவை அறியாதவர் ஆக்குவதாக இருந்தால், மணிமேகலை ஆண் உருவில் மண்டபத்துக்குள் நுழைந்ததைத்தான் நாமும் திரும்பச் செய்கிறோம். உள்ளே போய்விடுகிறோம். கதவு அப்படியே இருக்கிறது.

கதவை மாற்றுவது பெரிய வார்த்தை. சிறியதாக ஒன்றிலிருந்து தொடங்கலாம். எந்தக் கண்டுபிடிப்பைப் படித்தாலும் நான்கு கேள்விகளை மாணவிகள் கேட்கட்டும். இந்தப் பொருள் யார் கையிலிருந்து வந்தது? இதைப் பதிவு செய்தவர் யார்? இதைச் சரிபார்த்தவர் யார்? இதன் கழிவு யார் வீட்டுக் கிணற்றுக்குப் போனது? விடை எல்லா நேரமும் கிடைக்காது. கங்காரு வாலிலிருந்து தசைநாணைப் பிரித்து எடுத்த கையின் பெயர் நேச்சர் கட்டுரையில் இருக்கப்போவதில்லை. ஆனால் கேட்கப் பழகிய பெண், நாளை தானே ஒரு கட்டுரை எழுதும்போது அந்த இடத்தைக் காலியாக விட மாட்டாள். அம்மாவின் வேலையை எழுதும் இடத்தையும்தான்.